555 புத்தகமா, செயலியா: கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வரிப் படிவம், தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப், சமூகக் காப்புறுதியான சொக்சோ என்று மாதந்தோறும் நான் நுழைந்து வேலை பார்க்கும் இணையக் கணக்குகள் எல்லாம் கடைக்காரர்களுடையவை. ஆகவே, வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், அவர்களுடைய கடவுச்சொற்கள் என் வாட்சாப்பில் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. எவருடைய சொல்லையும் இங்கே சொல்லப்போவதில்லை. சாயலை மட்டும் சொல்லலாம். கடையின் பெயர், அதன் பின்னால் 123. மகளின் பெயர், அதன் பின்னால் அவள் பிறந்த ஆண்டு. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள். ஒருவர் மூன்று கணக்குகளுக்கு மூன்று சொற்களை அனுப்பினால், பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். மிஞ்சிப்போனால் கடைசி எண் மட்டும் மாறியிருக்கும்.

இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்ட நான், என் வீட்டு நிலைமையையே பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் அக்கா லெபு பாசாரில் தையற்கடை நடத்துகிறார். முகநூல் பக்கம், ஷோப்பி என்ற இணையச் சந்தையில் கடை, இரண்டு வங்கிகள், வருமான வரித் தளமான மைடேக்ஸ், மின்கட்டணம், துணி வாங்கும் மொத்த வியாபாரிகளின் தளங்கள் என்று எண்ணிப் பார்த்தபோது அவருடைய கணக்குகள் நாற்பதைத் தாண்டின. அவற்றில் சிலவற்றைக் கடையில் உடன் வேலை செய்யும் பெண்ணும் பயன்படுத்துகிறார். அக்காவோடு பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அவருக்கு ஏழு கணக்குகள். இந்த இருவருக்கும் எது பொருந்தும் என்று மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

வழிகளை ஒப்பிடுமுன், திருடன் எந்த வாசல் வழியாக வருகிறான் என்பது தெளிவாக வேண்டும். யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து அக்காவின் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் நடப்பது இதைவிடச் சோம்பேறித்தனமானது. எங்கோ ஒரு தளத்தின் தரவுகள் கசிகின்றன. அதிலிருக்கும் மின்னஞ்சல், கடவுச்சொல் இணைகளைக் கணினி நிரல் ஒன்று மற்ற நூறு தளங்களில் போட்டுப் பார்க்கிறது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியாயின. அந்தப் பட்டியல் இன்றுவரை ஊகித்துத் திறக்கும் நிரல்களின் அரிச்சுவடியாக இருந்துவருகிறது. ஆகவே ஒரு சொல் எவ்வளவு கடினமானது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அதே சொல் வேறு எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதே. எந்த வழி இந்த மறுபயன்பாட்டை ஒழிக்கிறதோ அந்த வழிக்கு என் கணக்கில் முதல் மதிப்பெண்.

இரண்டாவது வாசல், நாமே திறந்து விடுவது. வங்கியைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கத்தில் நாமே சொல்லைத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறோம். இந்த வாசலைப் பொறுத்தவரை, பின்னால் வரப்போகும் வழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டில் இது தனி நோய். பன்னிரண்டு இலக்கம் என்பதால் அது வலுவான சொல் என்று பலரும் நம்புகிறார்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் பார்த்தவருக்கு, நீங்கள் பினாங்கில் பிறந்த பெண் என்றும் தெரிந்தால், எஞ்சுவது 5,000 வாய்ப்புகள் மட்டுமே. கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரத்து வேலை. அந்த ஊகம்கூடத் தேவைப்படாமல் போகலாம். 2017 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த தரவுக் கசிவில் 46.2 மில்லியன் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் இருந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் அவற்றில் அடக்கம். அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 32 மில்லியன்தான்.

முதல் வழி, எல்லாவற்றையும் மனத்தில் வைப்பது. நாற்பது தனித்தனிச் சொற்களை மனத்தில் வைப்பவர் எவரும் இல்லை. வைத்திருப்பதாகச் சொல்பவர் ஒரே சொல்லை நாற்பது இடங்களில் வைத்திருக்கிறார். ஆகவே இவ்வழியை முழுமையாகத் தள்ளிவிடலாம், ஆனால் ஒன்றிரண்டு சொற்களுக்கு மனத்தைவிட நல்ல பெட்டி கிடையாது. அந்த ஒன்றிரண்டை எப்படி அமைப்பது என்பதில்தான் நமக்குப் பழைய பாடம் தடையாக இருக்கிறது. பெரிய எழுத்து, எண், குறியீடு கலந்திருக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற அறிவுரை 2003இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியின் மூலம் பரவியது. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017இல் அதற்காக வருந்தினார். அதே ஆண்டில் அந்நிறுவனமும் நிலையை மாற்றிக்கொண்டு, நீளமே முக்கியம், கசிந்தது தெரிந்தாலன்றிக் காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள் என்பது என் வாட்சாப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீளமான சொல்லுக்கு நல்ல முறை, 1995இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் வகுத்த பகடை முறை. ஐந்து முறை பகடை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் கிடைக்கும்; நான்கு சொற்களைச் சேர்த்தாலே 3,600 டிரில்லியனுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் உண்டாகின்றன, எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலியைத் (பின்னால் வருகிறது) திறக்கும் தலைச்சாவிக்கு ஐந்து அல்லது ஆறு சொற்கள் எடுப்பது நல்லது. பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதால் அக்கா முகம் சுளித்தார். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன என்று கேட்டார். எழுதலாம், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழை என்பதை ஒருநாள் ழகரத்துக்கு இரண்டு எழுத்துப் போட்டும், இன்னொரு நாள் ஒரே எழுத்தில் லகரமாகவும் எழுதும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. பூட்டுக்கு அந்தச் செல்லம் எல்லாம் புரியாது. தமிழ் எழுத்திலேயே வைப்பதும் சிக்கல்தான்: சில தளங்கள் ஏற்பதில்லை, ஏற்கும் இடத்திலும் ‘கொ’ என்ற ஓரெழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதால், விசைப்பலகை மாறினால் கதவு திறக்காமல் போகலாம். எனவே எழுத்துக்கூட்டலில் இரண்டாம் வழி இல்லாத சொற்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். எல்லாருக்கும் தெரிந்த செய்யுள் வரி, பாட்டு வரி, கோயில் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்தோம்.

இரண்டாவது வழி, எழுதி வைப்பது. கணினி தெரிந்தவர்கள் இதைக் கேட்டாலே சிரிப்பார்கள்; நானும் முன்பு சிரித்தவன்தான். அம்மாவிடம் ஒரு 555 புத்தகம் இருக்கிறது. மளிகைக் கடையில் கடன் எழுத நாம் எல்லாரும் பயன்படுத்திய, சட்டைப்பைக்குள் அடங்கும் அதே சின்னப் புத்தகம். முதல் பக்கங்களில் நாசி லெமாக் விற்ற காலத்து வரவு செலவு, நடுவில் மின்கட்டணக் கணக்கு எண், அதற்குப் பின் மூன்று நிற மையில் கடவுச்சொற்கள். சிலவற்றின் மேல் கோடு கிழித்துப் புதியது எழுதியிருக்கிறார். எது சுழியம், எது ஆங்கில ஓ என்று அவருக்கே ஐயம் வந்த இடங்களில் பக்கத்தில் தமிழில் ‘முட்டை’ என்று எழுதியிருக்கிறார். அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்த உண்மை இதுதான்: ஏழு கணக்குகளுக்கும் ஏழு வெவ்வேறு சொற்கள் இருந்தன. நினைவில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தவில்லை. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைவிட என் அம்மா பாதுகாப்பாக இருந்திருக்கிறார்.

வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் பட்டர்வொர்த் வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. புத்தகத்துக்கு உள்ள ஆபத்துகள் வேறு: வீட்டுக்கு வந்துபோகிறவர் பார்த்துவிடலாம், நெருப்போ வெள்ளமோ கொண்டுபோகலாம். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தை மறக்காதவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பார்த்துவிடும் ஆபத்துக்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் வரும் மூன்று எழுத்துகளைப் புத்தகத்தில் எழுதாமல் மனத்தில் மட்டும் வைத்துக்கொள்வது. புத்தகம் கைமாறினாலும் சொல் முழுமையாகப் போகாது. வங்கிச் சொல்லை எழுதவே கூடாது. வங்கிகள் சொல்வதும் அதுவே.

ஆனால் போலிப் பக்கத்தின் முன்னால் புத்தகம் ஊமை. அம்மா அதைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, மிகக் கவனமாகத் திருடனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். இதுவே இவ்வழியின் மெய்யான குறை, மற்றவை சில்லறை.

மூன்றாவது வழி, கைப்பேசியோடும் உலாவியோடும் வரும் கூகுள், ஆப்பிள் பெட்டகங்கள். பணம் இல்லை, நிறுவ வேண்டியதும் இல்லை, சொல்லைத் தானே உருவாக்கித் தானே நிரப்பும்; ஆப்பிள் 2024இல் ஐஓஎஸ் 18உடன் இதற்கென்று தனிச் செயலியே கொடுத்துவிட்டது. எதுவும் செய்யாமல் இருப்பவர் நாளைக்கே இதற்கு மாறினால் அது பெரிய முன்னேற்றம். ஆனால் இரண்டைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியைத் திறக்கும் பின் எண் தெரிந்தவருக்குப் பெட்டகமும் பெரும்பாலும் திறந்துவிடும்; கடையில் அக்காவின் கைப்பேசியை வாடிக்கையாளரின் குழந்தைகூட எடுத்து விளையாடும் நிலையில் இது சிறிய விஷயமன்று. மேலும், கணினியில் திருட்டு மென்பொருளை இறக்குபவர் வீட்டில் இருந்தால், உலாவியில் சேமித்த சொற்களை மொத்தமாக அள்ளிச் செல்லும் தீநிரல்கள் அந்த வழியாகவே வருகின்றன. அண்ணன் மகன் விளையாட்டுகளை எங்கிருந்து இறக்குகிறான் என்று நான் கேட்டதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

நான்காவது, தனிப் பெட்டகச் செயலி. பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்றவை நம் சொற்களை நம் கருவியிலேயே மறைகுறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி, பிறகே தங்கள் சேவையகத்துக்கு அனுப்புகின்றன. தலைச்சாவியான ஒரு சொல் அவர்களிடம் இல்லை. அதனால் அச்சொல்லை மறந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. கீபாஸ்எக்ஸ்சி இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாவற்றையும் நம் கணினியில் ஒரே கோப்பாக வைக்கிறது. எந்த நிறுவனத்தையும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே கோப்பைக் கொண்டுசெல்லும் வேலையும் நகல் எடுக்கும் வேலையும் நம் தலையில் விழும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். அக்காவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

முட்டைகளை எல்லாம் ஒரே கூடையில் வைப்பதா என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. 2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்தது; வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே களவு போயின என்பதை அந்நிறுவனம் டிசம்பரில் ஒப்புக்கொண்டது. உள்ளே சொற்கள் மறைகுறியாக்கத்தில் இருந்தன, தளங்களின் முகவரிகள் அப்படி இல்லை. அந்நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பெட்டகம் களவு போகும் என்றே வைத்துக்கொண்டு தலைச்சொல்லை அமைக்க வேண்டும் என்பது. ஆறு பகடைச் சொற்கள் வைத்தவரின் பெட்டகம் திருடன் கையில் இருந்தாலும் பெட்டகமே. கடைப் பெயரோடு 123 வைத்தவருடையது அன்று மாலையே திறந்துவிடும்.

பெட்டகச் செயலிக்கு ஆதரவாக என்னை முழுமையாகத் திருப்பியது கணக்கு வழக்கு எதுவுமன்று, ஒரு குறுஞ்செய்தி. பொட்டலம் ஒன்று நிற்கிறது, இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவான தொகையைச் செலுத்தி விடுவித்துக்கொள்ளுங்கள் என்று வந்தது. நான் அன்று உண்மையாகவே ஒரு பொட்டலத்துக்குக் காத்திருந்தேன். இணைப்பைத் தொட்டேன், வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, என் வங்கியின் பக்கம், நிறம் மாறாமல், சின்னம் மாறாமல் வந்து நின்றது. பயனர் பெயர்க் கட்டத்தில் விரலை வைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் என் கணக்கின் பெயரைக் காட்டும் செயலி எதையும் காட்டவில்லை. இரண்டாம் முறை தொட்டேன், அப்போதும் இல்லை. செயலியில்தான் கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டே முகவரியைப் பார்த்தபோதுதான், வங்கியின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் வேறு சில எழுத்துகளும் இருந்தது கண்ணில் பட்டது. என் கண் ஏமாந்த இடத்தில் நிரல் ஏமாறவில்லை, ஏனென்றால் அது படத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை மட்டுமே ஒப்பிடுகிறது. கூகுள், ஆப்பிள் பெட்டகங்களுக்கும் இக்குணம் உண்டு. நிரப்பவில்லையே என்று நாமாகவே சொல்லை நகலெடுத்து ஒட்டினால் இந்தக் காவலை நாமே அனுப்பிவிடுகிறோம் என்பதை மட்டும் அக்காவிடம் மூன்று முறை சொன்னேன்.

ஐந்தாவதாக பாஸ்கீ. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரிப்பதாக அறிவித்த முறை இது. கடவுச்சொல் என்பதே இல்லை. கருவிக்குள் ஒரு இரகசியச் சாவி, தளத்திடம் அதன் பொதுச் சாவி, இடையில் உங்கள் கைரேகை. தளம் கசிந்தாலும் திருட எதுவும் இல்லை, போலி முகவரியில் சாவி வேலையே செய்யாது. ஒப்பிட்ட ஐந்தில் தொழில்நுட்பத்தால் சிறந்தது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்காவின் நாற்பது கணக்குகளில் மிகச் சிலவே இதை ஏற்கின்றன. ஏற்கும் இடங்களில், முதலில் கூகுள் கணக்கில், வைத்துவிட்டோம்.

இவற்றோடு இரண்டாம் பூட்டு ஒன்றும் வேண்டும். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் எண் ஒரு காலத்தில் நமக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வீடு சுத்தம் செய்யும் சேவை என்று விளம்பரம் செய்து, ஆண்ட்ராய்டு செயலிக்கான ஏபிகே கோப்பை நிறுவச் சொல்லி, அதன் வழியாகவே குறுஞ்செய்திகளைப் படித்துப் பணத்தை எடுத்த மோசடிகள் அந்த நிம்மதியைக் குலைத்தன. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாற வேண்டும் என்றும், ஒப்புதலுக்கு ஒரே ஒரு கருவியை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. வங்கி அல்லாத கணக்குகளுக்கு, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் செயலி போதும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் மோசடிப் புகாருக்கான 997ஐ அழைக்க வேண்டும் என்பதை அம்மாவின் புத்தகத்தின் உள்ளட்டையில் பெரிதாக எழுதிவைத்தேன்.

ஆக, முடிவு. அம்மா 555 புத்தகத்திலேயே இருக்கட்டும். புதிய புத்தகம், ஒரே நிற மை, கடைசி மூன்று எழுத்து மனத்தில், வங்கிச் சொல் முழுவதும் மனத்தில். குறுஞ்செய்தியில் வரும் எந்த இணைப்பையும் தொடாமல் வங்கிச் செயலியை மட்டுமே திறப்பது என்ற ஒரே விதி. செயலியைக் கற்றுக்கொள்ள வைக்கலாம் என்று தொடங்கி, இரண்டாம் நாளே அவர் தலைச்சொல்லைப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

அக்காவுக்குப் பிட்வார்டன். கட்டணமில்லாத திட்டத்திலேயே சொற்களுக்கும் கருவிகளுக்கும் எண்ணிக்கை வரம்பில்லை. இருவர் பகிர்ந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. கடைப்பெண்ணுக்கு முகநூலும் ஷோப்பியும் மட்டும் பகிர்ந்தோம். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த இரண்டை மாற்றினால் போதும். மூலநிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருப்பதும் எனக்குப் பிடித்த காரணம், அக்காவுக்கு அது எந்த வகையிலும் பொருட்டாகவில்லை. தலைச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, நகை வைக்கும் இடத்தில் வைத்திருக்கிறோம். அப்பா காலமானபோது அவருடைய மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் பல மாதம் அலைந்த குடும்பம் இது. பாதுகாப்பு என்பது வீட்டாரையும் வெளியே நிறுத்திவிட்டால் அதற்குப் பயனில்லை. கூகுளிலும் ஆப்பிளிலும் நமக்குப் பின் கணக்கை யார் பெறலாம் என்று முன்கூட்டியே குறிக்கும் அமைப்பு இருக்கிறது. அதையும் அன்றே செய்துகொண்டோம்.

நாற்பதையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். நாங்கள் முயன்று, பன்னிரண்டாவது கணக்கில் சண்டை போட்டுக்கொண்டோம். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் ‘மறந்துவிட்டேன்’ கடிதமும் அங்கேதான் வந்து சேரும். அடுத்து வங்கிகள், மைடேக்ஸ், பிறகு கடை. எஞ்சியவை எப்போது நுழைகிறாரோ அப்போது.

கடையின் மின்னஞ்சலை மாற்றும்போதுதான் ஒன்று தெரிந்தது. மீட்புக்கான கைப்பேசி எண்ணாக, ஐந்தாண்டுக்கு முன் வேலையை விட்டுப் போன பெண்ணின் எண் பதிவாகி இருந்தது. பணம் போடாமல் விட்ட முன்கட்டண (பிரீபெய்ட்) எண்கள் காலாவதியாகி வேறொருவருக்குப் போய்விடும் வழக்கம் உண்டு. அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியவில்லை. பகடை உருட்டி, ஆறு சொல் தேடி, உறை ஒட்டிய பிறகும் பின்கதவு அந்த எண்ணில் திறந்தே கிடந்தது. அதை நீக்கி அக்காவின் எண்ணைப் போட்டோம். ஷோப்பியிலும் முகநூலிலும் அதே பழைய எண் இருக்கிறதா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.